தேர் இல்லாத தேர்ப்படம்

எங்கள் ஆட்களின் கலியாண வீடியோ மூன்று டிஸ்க்கில் வரும். முதலாவதில் மாப்பிள்ளை சட்டைக்குப் பொத்தான் போடுவார். இரண்டாவதில் ஐயர் நெருப்பு மூட்டுவார். மூன்றாவதில் ஆட்கள் சாப்பிடுவார்கள். பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் நான் போன தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இந்த டிஸ்க்குகள் தொலைக்காட்சிக்குக் கீழே அடுக்கியிருக்கும். அவற்றை முழுதாகப் பார்த்து முடித்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. என்னுடைய கலியாண வீடியோவில் நானே தாலி கட்டும் இடம்வரைக்கும் போனதில்லை.

ஆகவே, ஐந்து மணித்தியாலத்தை இரண்டரை நிமிடமாகச் சுருக்குகிற வித்தை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அறிந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதன் பெயர் டைம் லாப்ஸ். அதற்கு வீடியோ கமராகூடத் தேவையில்லை. படம் மட்டும் எடுக்கிற டிஜிட்டல் கமராவை ஓரிடத்தில் ஆடாமல் நிறுத்தி, ஐந்து நொடிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு அந்தப் படங்களைக் கணினியில் கோத்து, நொடிக்கு இருபத்தைந்து படமாக ஓடவிடவேண்டும். பூ கண்முன்னே மலரும். மேகம் குதிரைபோல ஓடும். வெள்ளைக்காரர்கள் இந்த வித்தையைப் பூவிலும் மேகத்திலும் வீணாக்கிக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் சனத்தின் விழாக்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது எனக்கு மட்டும் விளங்கியது.

அது 2009ஆம் ஆண்டின் கடைசி. அப்போது நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் நிலக்கீழ் அறையில் வேலை செய்தேன். பழைய கோப்புகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து, பொத்தானை அமத்தி, கணினிக்குள் ஏற்றவேண்டும். நாள் முழுக்க ஒரே கதிரை, ஒரே பொத்தான். நான் பொறுமைசாலி என்று மேலாளர் மற்றவர்களிடம் சொல்வார். எனக்குப் பொறுமை இருந்ததில்லை; வேறு வேலைதான் இருக்கவில்லை. அந்த அறையில் என்னோடு இருந்த பிரெஞ்சுக்காரர் ஓய்வு பெற்றுப் போகும்போது தன்னுடைய பழைய கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதில் பொருத்துவதற்கு வயர் வைத்த ஒரு சிறிய ரிமோட் வாங்கினேன். இத்தனை நொடிக்கொருமுறை அமத்து என்று சொல்லிவிட்டால் அது அமத்திக்கொண்டே இருக்கும். என் வேலையை என்னைவிடத் திறமாகச் செய்யக்கூடிய ஒரு பொருளை நானே கடையில் போய் வாங்கிவந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் படத்தைப் பாரிசின் புறநகரான பொண்டியில் எங்கள் தொடர்மாடி வீட்டுக் குசினியில் எடுத்தேன். தோசைமாதான் கதாநாயகன். சனிக்கிழமை காலையில் மனைவி மாவைக் கரைத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்க, நான் அதற்கு எதிரே கமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

“என்ன செய்யிறியள்?” என்று கேட்டாள்.

“மா பொங்குறதை எடுக்கிறன்.”

“அது பொங்கும். நான் பதினாலு வருசமாப் பாக்கிறன். பொங்காமல் விட்டால் எடுங்கோ.”

நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தேன். எட்டு மணித்தியாலம் பொங்கிய மா படத்தில் பத்தொன்பது நொடியில் பொங்கி, சட்டியின் விளிம்பால் வழிந்து, ஹீட்டரில் சொட்டியது. ஆனால் இடைக்கிடை மின்னல் அடித்ததுபோல வெளிச்சம் கூடிக் குறைந்தது. மனைவி யன்னலை மறைத்துக்கொண்டு நடந்தபோதெல்லாம் கமரா பயந்துபோய்த் தன் வெளிச்சக் கணக்கை மாற்றியிருக்கிறது. எல்லாவற்றையும் கையால் பூட்டவேண்டும், கமராவுக்குச் சுயபுத்தி இருக்கவே கூடாது என்பது அன்று நான் படித்த பாடம். மகள் பார்த்துவிட்டு, “செ தூ?” என்றாள். இவ்வளவுதானா என்று அர்த்தம். ஹீட்டரைச் சுரண்டித் துடைத்தது நான்.

மாவுக்குப் பிறகு பல்கனியிலிருந்து மேகம். மேகத்துக்குப் பிறகு ரயில் நிலையம். அடுத்த ஆண்டுக் கோடைக்குள் கை படிந்துவிட்டது. பெரிய இடத்தில் காட்டவேண்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்குப் போய்வருகிற ஒரு தமிழனுக்குப் பெரிய இடம் என்றால் அது ஒன்றுதான். கோடை முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ரூ பஜோல் என்ற தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலின் தேர் வெளியே வரும். சந்துபொந்தெல்லாம் சனம். கடைக்குக் கடை தண்ணீர்ப் பந்தல். வாசல்களில் மலைபோலத் தேங்காய்.

நான் சனிக்கிழமைதோறும் முருங்கைக்காயும் பனங்கட்டியும் வாங்குகிற கடைக்காரரை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டியவர், நல்ல உயரம். தேர் போகிற வழியிலேயே கடை. தேர் அவருடைய வாசலில் நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு போகும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்காகத்தான் அவர் மிச்ச வருடம் முழுக்கக் கடை நடத்துகிறாரோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கல்லாவுக்குப் பின்னால், காய்கறித் தட்டுகளுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவர் அவருடைய மனைவி. அவரை நான் அண்ணி என்பேன். நான் அந்தக் கடைக்குப் போய்வந்த எட்டு வருடத்தில் அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

என் யோசனையைச் சொன்னதும் அண்ணைக்கு உடனே பிடித்துவிட்டது.

“இரண்டரை நிமிசத்துக்கை முழுத் திருவிழாவுமோ?”

“ஓம் அண்ணை. காலமையிலையிருந்து தேர் போய் முடியிறவரைக்கும்.”

“கடைப் பேர் தெரியுமோ?”

“நடுவிலை வைச்சு எடுக்கலாம்.”

“நான்?”

“நீங்கள் கடைக்கு முன்னாலை நிண்டால் தெரிவியள்.”

“நிப்பன்,” என்றார் அண்ணை. ஒரு சத்தியம்போல அதைச் சொன்னார்.

கடைக்கு நேர் எதிரே இரண்டாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அன்ரி இருந்தார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் ஆர்ஜொந்தெய் புறநகர்ப் பக்கம் போய்விட்டார்கள். அண்ணையின் கடையில் நெடுநாள் வாடிக்கை. அவருடைய யன்னலில் நின்றால் கடை வாசல் உள்ளங்கைபோலத் தெரியும். கேட்டதும் சம்மதித்தார்.

“ஆனா மகன், நான் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு விடியப் பூசைக்குப் போய்வந்து நண்டு சமைக்கிறனான். அதை மாத்தமாட்டன்.”

“எனக்குப் பிரச்சினையில்லை அன்ரி. நான் அண்டைக்கு மரக்கறி.”

“அப்ப உங்களுக்குத் தனியச் சமைப்பன்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தேரன்று காலை எட்டரைக்கெல்லாம் நெற்றி நிறையத் திருநீற்றோடு அன்ரி வீட்டுக்குப் போனேன். கமராவை யன்னலில் நிறுத்தி, வெளிச்சம், குவியம், நிறம் எல்லாவற்றையும் பூட்டினேன். ஐந்து மணித்தியாலத்துக்குப் பற்றரி தாங்காது. அதனால் சுவரிலிருந்து நேரே மின்சாரம் கொடுக்கிற வயர் ஒன்றைக் கமராவுக்கு வாங்கியிருந்தேன். அதை யன்னலுக்குக் கீழே இருந்த பிளக்கில் செருகினேன். ரிமோட் ஒன்பது மணிக்குத் தொடங்கியது. ஐந்து நொடிக்கொருமுறை ‘டிக்’.

கீழே அண்ணை இறங்கினார். பட்டு வேட்டி, தங்கக் கரைச் சால்வை, கையில் ஒரு கடிகாரம், கழுத்தில் ஒரு சங்கிலி. கடைப் பெயர்ப்பலகைக்குக் கீழே, சரியாக நடுவில், இரண்டு கால்களையும் அகட்டி நின்றார். பிறகு வலக்கையை உயர்த்திச் சுட்டுவிரலால் எதையோ காட்டினார். எதைக் காட்டினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணி ஒரு பெரிய நீலப் பீப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு சர்பத், பிறகு கப், பிறகு மேசை, பிறகு மேசைத்துணி. பிறகு தேங்காய்ச் சாக்குகள். அவர் உள்ளே போவதும் வெளியே வருவதும் பீப்பாவுக்குள் குனிவதுமாக இருந்தார். சனம் கூடக் கூட அவருடைய தலை தெரியாமல் போய், கைமட்டும் கப்போடு வெளியே வந்து வந்து போயிற்று.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு தவில். கற்பூரப் புகைக்கு மேலே தேரின் உச்சி தெரிந்தது. கமரா தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நான் எதற்கு இங்கே என்று நினைத்து, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் ஓடினேன். சனத்தை இடித்துப் பிடித்து முன்னுக்குப் போய், தலைக்கு மேலே கைகூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டேன். தேர் அண்ணையின் கடை வாசலில் நின்றது. தேங்காய்கள் வெடித்தன. இளநீரில் என் காற்சட்டை முழங்கால்வரை நனைந்தது. தேர் அசைந்து அப்பால் போனதும் நெஞ்சு நிறைந்துபோய் மேலே ஏறினேன்.

மேசையில் ஆவி பறக்கச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அன்ரிக்கு முகம் கொள்ளாத சந்தோசம்.

“இருங்கோ மகன். நண்டுச் சட்டி பட்ட இடம் வேண்டாமெண்டு உங்களுக்கு றைஸ் குக்கரிலை தனியச் சோறு போட்டனான். குசினிப் பிளக் பழுதாக் கிடக்கு. உங்கடை வயரைக் கழட்டிப்போட்டு அதிலை குத்தினனான். இப்ப திரும்பிச் செருகிவிட்டன். பாருங்கோ, டிக் டிக்கெண்டு அடிக்குது.”

அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“எவ்வளவு நேரம் அன்ரி கழட்டி இருந்தது?”

“அது பெரிய நேரமில்லை. சோறு வேகிற நேரம்தான்.”

அந்தச் சோறு என்னுடைய விரதத்துக்காக வெந்த சோறு. உட்கார்ந்து சாப்பிட்டேன். பால்கறி அருமையாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து படங்களைக் கோத்தேன். அழகென்றால் அப்படியொரு அழகு. வெறும் தெரு, ஈசல்போலச் சனம் வந்து நிறைகிறது, வெயில் கட்டடங்களில் வழிந்து இறங்குகிறது, காவடிகள் பம்பரம்போலச் சுற்றிப் போகின்றன. கடை வாசலில் முழுத் தேங்காய்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அடுத்த படத்தில் அந்த மலை உடைந்த சிரட்டையாகக் கிடக்கிறது. தேர் இல்லை. தெருமுனையில் தேரின் உச்சி ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். கடை வாசலில் அது நின்ற பன்னிரண்டு நிமிடமும் படத்தில் ஆறு நொடியாக வந்திருக்கவேண்டும். அந்த ஆறு நொடியும் சோற்றோடு வெந்துபோயிருந்தது.

தலையில் கைவைத்துக்கொண்டு இருந்த என்னை மனைவி விசாரித்தாள். சொன்னேன்.

“காட்டுங்கோ.” இரண்டரை நிமிடமும் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு. குடுங்கோ.”

“தேர்த் திருவிழாப் படத்திலை தேர் இல்லையெல்லே!”

“ஆர் தேரைப் பாக்கப்போயினம்? எல்லாரும் தங்களைத்தான் தேடுவினம். நீங்கள் பேசாமல் குடுங்கோ.”

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அண்ணையின் கடையில் வெளியீட்டு விழா. கல்லாவுக்கு மேலே எப்போதும் சினிமாப் பாட்டு ஓடுகிற தொலைக்காட்சியில் படம் போட்டார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பதினைந்து இருபது பேர் நின்றார்கள். நான் வாசலுக்குக் கிட்ட, ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றேன்.

படம் ஓடியது. ஒரே ஆரவாரம்.

“அது நான்! அந்தப் பச்சைச் சீலை!”

“அண்ணை, திருப்பிப் போடுங்கோ. என்ரை காவடி வந்தது, ஒருத்தரும் பாக்கேல்லை.”

ஒரு பெரியவர் தன்னை ஆறு இடத்தில் கண்டுபிடித்தார். ஆறிலும் சர்பத் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் இன்னொருத்தியின் முதுகை அடையாளம் கண்டு, “காய்ச்சலெண்டு சொன்னவ, இஞ்சை நிக்கிறா,” என்று பல்லைக் கடித்தார். உணவகத்தில் வேலை செய்கிற ஒருவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“தம்பி, அண்டைக்கு நான் மலாடி. பத்ரோனுக்குக் கடிதம் குடுத்தனான். என்னை அதிலையிருந்து எடுத்துவிடும்.”

உடம்புக்கு வருத்தம் என்று முதலாளிக்குச் சொன்ன மனிதர் படத்தில் நொடியின் பத்திலொரு பங்கு நேரம் ஒரு கையில் வடையோடு தோன்றி மறைந்திருந்தார். அவருடைய பத்ரோன் இந்தக் கடைக்கு வந்து, இந்தப் படத்தைப் பார்த்து, அந்த வடையைக் கண்டுபிடிப்பார் என்று அவர் உண்மையாகவே பயந்தார்.

தேர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மனைவி சொன்னது அப்படியே நடந்தது.

எல்லாரையும்விட மகிழ்ந்தவர் அண்ணைதான். ஐந்து மணித்தியாலத்தில் தெருவே ஓடியது, மேகம் ஓடியது, நிழல் ஓடியது. பெயர்ப்பலகைக்குக் கீழே அவர் ஒருவர்தான் ஆணியடித்ததுபோல, கையை உயர்த்தியபடி நின்றார். அவரைச் சுற்றி ஏதோ ஒன்று வண்டுபோல உள்ளேயும் வெளியேயும் பறந்துகொண்டிருந்தது.

“பாத்தியளோ! நான் மலை மாதிரி நிக்கிறன்!”

யாரோ ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டார்: “அண்ணை, ஏன் நீங்கள் மட்டும் அசையேல்லை?”

“நிர்வாகம் எண்டால் அப்பிடித்தான்,” என்றார் அண்ணை.

படத்தை நாலு தரம் போட்டார்கள். சனம் கலைந்த பிறகு அண்ணை பின்பக்கம் பொருட்கள் இறக்கப் போனார். நானும் புறப்பட்டேன். பச்சைமிளகாயைத் தராசில் கொட்டிக்கொண்டிருந்த அண்ணி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“தம்பி, தேர் எங்கை?”

றைஸ் குக்கர் கதையை முழுதாகச் சொன்னேன். அன்ரியைக் குற்றம் சொல்லாமல், மரக்கறி விரதத்தைக் குற்றம் சொன்னேன். அண்ணி முதலில் சிரித்தார். மிளகாயைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பவும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“இஞ்சை கடை போட்டுப் பதினொரு வருசம். ஒவ்வொரு வருசமும் எங்கடை வாசலிலைதான் தேர் நிக்குது. நான் பாத்ததில்லை. அது வரேக்கைதான் சனம் கூட. பீப்பாவுக்கை குனிஞ்சு நிமிர முந்திப் போயிடும். இந்தமுறை படத்திலையாவது பாப்பம் எண்டு நிண்டன்.”

தொலைக்காட்சியில் படம் ஐந்தாம் தரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார்.

“உந்த ஓடித் திரியிறது நான்தானே?”

“ஓம் அண்ணி.”

“எனக்கே என்னைப் பாக்கத் தலை சுத்துது,” என்றார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒரேயொரு கேள்வி. “ஐஞ்சு மணித்தியாலம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?” இருந்தேன், கும்பிட்டேன், சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டியிருந்தது. அண்ணையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. படம் அந்தக் கடையில் தைப்பொங்கல்வரைக்கும் ஓடியது. ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர்களுக்கெல்லாம் அண்ணை தன் நிர்வாகத்தைக் காட்டினார்.

மறுவருடம் கோடையில் அண்ணை தானாகவே என்னைக் கூப்பிட்டார். இந்தமுறை புதுச் சால்வை. அன்ரி வீட்டுக் குசினிப் பிளக்கை நானே ஆள் பிடித்துத் திருத்தினேன். கமரா வயரைச் சுவரோடு சேர்த்து அகலமான நாடாவால் ஒட்டி, ‘தொடவேண்டாம்’ என்று தமிழில் எழுதிவைத்தேன். அன்ரி அதைப் பார்த்துவிட்டு, “கோவமோ மகன்?” என்று கேட்டார். நாடாவை உரித்துவிட்டு, எழுத்தில்லாத நாடாவாக மாற்றி ஒட்டினேன்.

ஒன்பது மணிக்குக் கமரா தொடங்கிய நேரம் கதவு மணி அடித்தது. வாசலில் அண்ணி. மாம்பழ நிறக் காஞ்சிபுரம், கொண்டை நிறைய மல்லிகை. நடந்து ஏறிய களைப்பில் மூச்சு வாங்கினார்.

“நான் இண்டைக்கு இஞ்சை,” என்றார்.

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“சொல்லிப்போட்டு வந்தனான். சர்பத் கரைச்சு வைச்சிருக்கு, கப் பெட்டியுக்கை இருக்கு எண்டு சொன்னன். தலையாட்டினவர். காது கேட்டதோ தெரியாது.”

அன்ரி அவருக்கு யன்னலோரம் ஒரு கதிரை போட்டுத் தேநீர் கொடுத்தார். கீழே அண்ணை பெயர்ப்பலகைக்குக் கீழே வந்து, காலை அகட்டி, கையை உயர்த்தி நின்றார். பத்து நிமிடம் நின்றார். பிறகு தலை மெல்லத் திரும்பியது. பீப்பா வெளியே வரவில்லை. உயர்த்திய கை இறங்கியது.

அண்ணியின் கைத்தொலைபேசி அடித்தது. அண்ணையின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“எங்கை நிக்கிறீர்?”

“மேலை. அன்ரியின்ரை யன்னலிலை.”

“பீப்பா?”

“உள்ளுக்கை. தள்ளிக்கொண்டு வாங்கோ, சில்லு இருக்கு.”

“கப்?”

“பெட்டியுக்கை.”

“எந்தப் பெட்டி?”

“கப் எண்டு எழுதின பெட்டி.”

அண்ணை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, கைகளை விரித்தார். அண்ணி யன்னலால் கையசைத்தார், விமானத்தில் போகிறவரை வழியனுப்புவதுபோல.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் மூவரும் முதல் வரிசையில் இருந்து பார்த்தோம். அண்ணை பீப்பாவோடு வந்தார். திரும்பிப் போனார். மேசையோடு வந்தார். மேசைத்துணி மறந்து திரும்பிப் போனார். சனம் கூடியது. சால்வையின் ஒரு நுனி சர்பத்துக்குள் நனைந்தது. அதைப் பிழிந்தபோது மறுநுனி நனைந்தது. போன வருடம் ஆறு தரம் வாங்கிக் குடித்த பெரியவர் பிழையான பக்கத்தில் நின்று அறிவுரை சொன்னார். பதினொரு மணியளவில் அண்ணை சால்வையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். அதன் பிறகு வேலை கொஞ்சம் சீரானது. ஒருமுறை பீப்பாவுக்குள் குனிந்து நிமிர்ந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிப் பார்த்தார். உதவிக்கு யாருமில்லை என்று கண்டு திரும்பவும் குனிந்தார்.

“பாவம் மனுசன்,” என்றார் அன்ரி.

“ஓம், பாவம்,” என்றார் அண்ணி. கதிரையை விட்டு எழும்பவில்லை. நண்டுக் கால் ஒன்று எடுத்துத் தரட்டுமா என்று அன்ரி கேட்க, “தேர் போகட்டும், பிறகு தாங்கோ,” என்றார்.

நாதஸ்வரம் கேட்டது. நான் இந்தமுறை கீழே ஓடவில்லை. கமராவுக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். தேர் முனை திரும்பி வந்தது. அண்ணி எழுந்தார். எழுந்து, யன்னல் விளிம்பில் வயிற்றை வைத்து, முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கைகளையும் கூப்பினார். கமராவுக்கு நேர் முன்னால். கமராவின் கண்ணாடிக்குள் பார்த்தேன். தெரு இல்லை, கடை இல்லை. மல்லிகையும் ஒரு தோளும்தான்.

“அண்ணி, கொஞ்சம்…” என்று தொடங்கினேன். அன்ரி என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“விடுங்கோ மகன்.”

அண்ணியின் தோள் குலுங்கியது. நான் விட்டுவிட்டேன். ‘டிக்’, ‘டிக்’ என்று கமரா மல்லிகையை எடுத்துக்கொண்டிருந்தது. கீழே தேங்காய்கள் வெடித்தன. பன்னிரண்டு நிமிடமோ என்னவோ, தேர் கண்ணுக்கு மறையும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பிறகு திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, “பிள்ளையாருக்கு இவ்வளவு நகை போட்டிருக்கே!” என்றார். அன்ரி நண்டைக் கொண்டுவர, தேர் போய்விட்டதுதானே என்று உட்கார்ந்து சாப்பிட்டார்.

புதன்கிழமை படத்தைக் கொண்டுபோய் அண்ணையிடம் கொடுத்தேன். சனத்தைக் கூப்பிட முதல் தான் தனியாகப் பார்க்கவேண்டும் என்றார். பின்னறையில், பருப்புப் பெட்டிகளுக்கு நடுவே, என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு வண்டு இரண்டரை நிமிடம் பறந்தது. இரண்டாம் தரமும் பார்த்தார். இடையில் ஆறு நொடி மல்லிகை வந்தது.

“இது என்ன?”

“அண்ணியின்ரை கொண்டை. தேர் வந்த நேரம் எழும்பி நிண்டவ.”

மடிக்கணினியைத் தானே மூடினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“இதைக் கடையிலை போடவேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“தேர் இல்லையெல்லே. தேர் இல்லாத தேர்ப்படத்தைச் சனத்துக்குக் காட்டலாமோ?”

போன வருடமும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். புறப்படும்போது அவர் கேட்டார்:

“அந்த முதல் படம்… அதிலை அவ எத்தினை தரம் உள்ளை வெளியை போனவ எண்டு எண்ணலாமோ?”

“எண்ணலாம் அண்ணை. படம் படமா நிப்பாட்டிப் பாத்தால் எண்ணலாம்.”

“வேண்டாம்,” என்றார் அவசரமாக. “எண்ணவேண்டாம்.”

கடைத் தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டே தொடர்ந்து ஓடியது. என்னைப் பற்றி லாச்சப்பலில் ஒரு அபிப்பிராயம் பரவியது: நல்ல கமராக்காரன்தான், ஆனால் முக்கியமானதை விட்டுவிடுவான். அதில் பொய் எதுவும் இல்லாததால் நான் மறுக்கவில்லை. இரண்டு கலியாணக்காரர் பேசிவிட்டுப் பிறகு வேறு ஆளைப் பிடித்தார்கள். அவர் மூன்று டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தார்.

அதற்கடுத்த வருடம் அண்ணை பீப்பாவை எடுக்கவேயில்லை. மொத்தச் சந்தையிலிருந்து சின்னத் தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, வாசலில் அடுக்கி, ‘நீங்களே எடுங்கோ’ என்று அட்டையில் எழுதிவைத்தார். புண்ணியம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று ஒரு சாரார் கதைத்தார்கள். ஆனால் எல்லாரும் இரண்டிரண்டாக எடுத்தார்கள்.

நான் அன்று கமராவைக் கொண்டுபோகவில்லை. கீழே சனத்தோடு நின்றேன். எனக்கு முன்னால் அண்ணியும் அண்ணையும், கையில் அர்ச்சனைத் தட்டோடு. அண்ணை பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்கவில்லை. தட்டில் கற்பூரம் அணைந்துவிடாமல் கையைக் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். தேர் வந்தது. நின்றது. போனது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

“எப்பிடி அண்ணி, கிட்ட நிண்டு பாத்தது?” என்று கேட்டேன்.

அண்ணி கழுத்தைத் தடவிக்கொண்டார். “நல்லாத்தான் இருந்தது. ஆனா கீழை நிண்டால் சில்லும் தோரணமும்தான் கண்ணிலை படுது. பிள்ளையாரை முழுசாப் பாக்கவேணுமெண்டால் மேலைதான்.” பிறகு அண்ணையிடம் திரும்பி, “வாற வருசம் நீங்களும் மேலை வாங்கோ,” என்றார்.

“நண்டு மணக்குமே!” என்றார் அண்ணை.

“மூக்கைப் பொத்திக்கொண்டு பாருங்கோ,” என்றுவிட்டு அண்ணி, உடைந்த தேங்காய்களுக்கு நடுவே கால்வைக்க இடம் பார்த்துப் பார்த்து, கடைக்குள் போனார்.